தேறலும் தென்னங்கள்ளும்: குளுவாங் தோட்டப்புறத்தின் ஒரு மது வரலாறு

தேனை நீரில் கரைத்துப் புளிக்கவைத்துப் பெறும் மது, மனித இனம் அறிந்த மதுவகைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். ஐரோப்பியர் இதனை மீட் என்பர். எத்தியோப்பியர் கெஷோ என்னும் செடியின் இலையையும் தண்டையும் சேர்த்துக் கசப்பேற்றித் தெஜ் என்ற பெயரில் அருந்துவர். பழச்சாறோ பூவோ இலவங்கப்பட்டையோ சேர்த்து மணமூட்டிய தேன்மதுக்களைப் பல குப்பிகளாக வரிசைப்படுத்தி, நண்பர்கள் கூடி ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சுவைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் அண்மைக்காலத்தில் மீண்டும் தலையெடுத்துள்ளது. இவ்வழக்கத்திற்கு அடிப்படையாக இருப்பவை இரண்டு: ஒப்பிடுவதற்குப் பலவகை மது இருத்தல், ஒப்பிட்டுப் பேசுவதற்கு உடன் ஆள் இருத்தல். தமிழர் வரலாற்றில் இவ்விரண்டும் நெடுங்காலம் இருந்தன என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. கடல் கடந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரிடம் இவற்றுள் இரண்டாவது தங்கியது, முதலாவது பறிபோனது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஜொகூர் மாநிலத்தின் நடுவே அமைந்த குளுவாங் வட்டாரத்தை முன்னிறுத்திக் காண்பது பொருத்தமாகும்.

சங்கப் பாடல்களில் மதுவைக் குறிக்கும் சொற்கள் பல: கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல். இவையனைத்தும் ஒரே பொருளைச் சுட்டியவை அல்ல. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டிலேயே வடித்தது. தேறல் என்பது மண்டியை அடியில் தங்கவிட்டுத் தெளிய இறுத்தது. மலைபடுகடாம் காட்டும் குறிஞ்சி நில மக்கள் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்துத் தேறலாக்கி விருந்தினருக்கு அளித்தனர். இன்று மீட் என அறியப்படும் மதுவின் தமிழ்நாட்டு வடிவம் என்று இதனைத் தயக்கமின்றிச் சொல்லலாம். பதிற்றுப்பத்தில் கள் வைத்த சாடிகளுக்கு இஞ்சியும் பூவும் விரவிய மாலை சூட்டப்படுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் மட்டினை விலக்கி மதுவை நாடுகின்றனர். பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொணர்ந்த தேறல் பொற்கலத்தில் வார்க்கப்பட்டதை நக்கீரர் பாடுகிறார். உள்ளூர் மதுவையும் கப்பலில் வந்த மதுவையும் வேறுபடுத்தி அறிந்து, வேளைக்கும் தகுதிக்கும் ஏற்பத் தெரிந்தெடுத்த ஒரு சமூகத்தை இச்செய்திகள் காட்டுகின்றன.

உடன் இருந்து உண்ணுதலைப் பொறுத்தவரை, அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, அதாவது தலைவனை இழந்த ஆற்றாமையைப் பாடும் பாட்டு, முதன்மையான சான்றாகும். கொஞ்சமே கிடைத்தால் அதைப் பாடியவருக்கே கொடுத்துவிட்டு, மிகுதியாகக் கிடைத்தால் அவரைப் பாடவைத்துத் தானும் உடன் மகிழ்ந்தவன் என்றே அந்த அரசனின் நட்பு அங்கே அளக்கப்படுகிறது. இதற்கு நேர்மாறான மரபும் தமிழில் வலுவாக உண்டு. திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. சமண, பௌத்த அறநூல்களும் அதே வழியில் நின்றன. இவ்விரு மரபுகளையும் ஒருங்கே சுமந்துகொண்டுதான் தமிழ்த் தொழிலாளி கப்பலேறினான்; பிற்காலத்தில் மலாயாவில் கள்ளைக் குறித்து எழுந்த சண்டைகளில் இரண்டும் எதிரெதிராக நின்று வாதிட்டன.

குளுவாங் என்னும் ஊர், பெரிய பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் பெயர் பெற்றது. லம்பாக் மலையின் அடிவாரத்தில், மெங்கிபோல் ஆற்றின் கரையில் அமைந்தது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இரயில் பாதை 1909-இல் முடிவடைந்த பிறகே இதன் சுற்றுப்புறக் காடுகள் பெருமளவில் ரப்பர்த் தோட்டங்களாயின. இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக, மக்கள் மொழியில் சஞ்சிக்கூலிகளாக, கொண்டுவரும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டதால், குளுவாங் தோட்டங்களுக்கு வந்த தமிழர் பெரும்பாலும் கங்காணி முறையில் வந்தவர்கள். கங்காணி என்பவர் தோட்டத்தின் செலவில் தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி வருபவர். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களே இவ்வாறு ஆள் திரட்டிய முக்கியப் பகுதிகள்.

இந்த மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஊரில் பனங்கள்ளை அறிந்தவர்கள். சில பகுதியினர் ஈச்சங்கள்ளையும் அறிந்தவர்கள். பனைக்குப் பருவம் உண்டு: ஆண்டில் சில மாதங்களே பாளை விட்டுச் சாறு தரும். ஆகவே கள்ளுக்கும் பருவம் இருந்தது. எந்த ஊர்க் கள் எந்த மாதத்தில் நன்றாக இருக்கும் என்ற பேச்சும் இருந்தது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஜொகூர்க் காட்டு மண்ணில் பனை இல்லை. அங்கே கிடைத்தது தென்னை ஒன்றே. தென்னையோ பருவம் பாராமல் பன்னிரண்டு மாதமும் பாளை விடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இருந்த பனை, ஈச்சை, தென்னை என்ற மூன்று மரங்களில் இரண்டு கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டன.

தென்னங்கள் இறக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுவை வேறுபாடுகள் அங்கேதான் பிறக்கின்றன. வெடிக்காத இளம் பாளையைத் தேர்ந்து, நாரால் இறுகச் சுற்றிக் கட்டி, சிறு கட்டையாலோ எலும்பாலோ பல நாள்கள் மெல்லத் தட்டித் தளர்த்துவர். கடுமையாகத் தட்டினால் உள்ளே பூங்கொத்து நசுங்கிப் பாளை கெட்டுவிடும். தட்டாமல் விட்டால் சாறு இறங்காது. பின் நுனியைச் சீவி, பாளையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டி, அதன் வாயில் மண்கலயத்தை மாட்டுவர். அன்று முதல் காலையும் மாலையும் மரமேறி, கூர்மையான பாளைக் கத்தியால் இலையின் கனத்திற்கு மட்டும் சீவினால்தான் சொட்டு நிற்காமல் விழும்; ஒரு நாள் தவறினாலும் வெட்டுவாய் காய்ந்து அடைபட்டுவிடும். புதிதாக இறங்கும் சாற்றில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை இருக்கும். கலயத்தின் உட்சுவரில் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். பனையில் அதற்குப் பதநீர் என்று பெயர். மலாய்க்காரர் நீரா என்று அழைத்து, காய்ச்சிப் பழுப்புச் சர்க்கரை எடுப்பதும் இத்தகைய சாற்றிலிருந்துதான்.

சுண்ணாம்பு இல்லாத கலயத்தில், முந்தைய நாள் கள்ளின் எச்சத்திலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. எனவே கள் இறக்கப்படும்போதே பாதி கள்ளாகிவிடும். காலையில் இறக்கியது இளங்கள்: இனிப்பு மேலோங்கி, நுரை மெல்லியதாய், நாவில் சுருக்கென்று குத்தும். அந்தியில் அதே கள் வெண்மை தடித்து, இனிப்பு வற்றி, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சாராயச் சத்து ஏறி நிற்கும். மறுநாள் புளிப்பு தலைதூக்கும்; அதற்கும் அடுத்த நாள் அது குடிப்பதற்கல்ல, ஊறுகாய்க்கான காடி. மரம், கலயம், வேளை ஆகிய மூன்றும் மாற மாறச் சுவையும் மாறும் என்பதால், ஒரே மரத்தில் இறக்கிய கள்ளுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தனி மதிப்பு இருந்தது. அதை ஒற்றைமரத்துக் கள் என்று கேட்டு வாங்குவர். சில நாழிகைக்குள் சுவை மாறிவிடும் ஒரு பானத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாகப் பேசிய மக்களைச் சுவையறியாக் குடிகாரர்கள் என்று எழுதிய ஆங்கிலத் தோட்டக்காரர்கள், குப்பியில் அடைத்துவந்த விஸ்கியை அருந்தியவர்கள் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

தோட்டத்துக் கள்ளுக்கடை இந்த அறிவுக்கு இடம் தரும் வகையில் அமைக்கப்படவில்லை. மலாயாவில் கள் விற்பனை உரிமத்திற்கு உட்பட்டது; நகரங்களில் அரசுக் கடைகளும், தோட்டங்களில் நிர்வாகத்தின் பொறுப்பில் இயங்கும் கடைகளும் இருந்தன. தோட்டத்தின் ஒரு பகுதியில் கள்ளுக்கென்றே தென்னை நட்டு, கூலிக்கு அமர்த்திய மரமேறிகளைக் கொண்டு இறக்கி, எல்லா மரத்துக் கள்ளையும் ஒன்றாகச் சேர்த்து, வேலை முடிந்த பிற்பகல் முதல் அந்திவரை விற்றனர். ஒற்றைமரம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இளங்கள் இறங்கும் காலை வேளையில் தொழிலாளி பிரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் திடலில், வரிசையில் நின்று பின் பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலைக்கு, சென்றுவிட்டிருப்பான். அவனுக்கு எட்டியதெல்லாம் அந்திக்கள் மட்டுமே. தோட்டக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கான நிதியில் சேர்க்கப்பட்டு விளையாட்டு, கோயில் திருவிழா போன்றவற்றிற்குச் செலவிடப்பட்டது. தன் கூலியைக் கடையில் கொடுத்த தொழிலாளிக்கு அதே பணம் நிர்வாகத்தின் கொடையாக, துரை எனப்பட்ட வெள்ளைக்காரத் தோட்ட மேலாளரின் தாராளமாக, திரும்பி வந்தது. இதைவிடத் திறமையான ஏற்பாட்டைக் காலனிய நிர்வாகம் வேறெங்கும் செய்ததாகச் சொல்வது கடினம்.

கள்ளுக்கடைக்கு ஆதரவாகத் தோட்ட முதலாளிகள் அடுக்கிய காரணங்கள் மூன்று. கள் இல்லையென்றால் தொழிலாளி சம்சு குடிப்பான் என்பது முதலாவது. சம்சு என்பது அரிசி முதலியவற்றிலிருந்து வடிக்கப்பட்ட, வீரியம் மிக்க மலிவுச் சாராயம், பெரும்பாலும் களவாக வடித்து விற்கப்பட்டது. கள்ளில் உள்ள ஈஸ்ட்டினால் பி வைட்டமின் கிடைக்கிறது என்பது இரண்டாவது. தீட்டிய அரிசியை மட்டுமே உண்டு வாழ்ந்தவர்களுக்கு இது முற்றிலும் பொய்யான வாதமும் அன்று. கள்ளுக்கடை இல்லாத தோட்டத்தில் ஆள் நிற்காது என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மையான காரணம் இதுவே. 1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்தபோது, ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாள் கூலி 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது; பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலி குறைந்த அந்த ஆண்டுகளிலும் கள்ளுக்கடை மூடப்படவில்லை.

ஆனாலும் அக்கடைக்குள் ஒரு பழைய வழக்கம் உயிரோடிருந்தது. லயத்து வீடு என்பது ஒரே கூரையின் கீழ்ச் சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட வரிசைக் குடியிருப்பு. விருந்தினரை உட்காரவைத்துப் பேச அதில் இடமில்லை. கோயில் திடலும் கள்ளுக்கடையும்தான் ஆண்கள் கூடும் இடங்கள். மலேசியத் தமிழர் நண்பனைக் கூட்டாளி என்பர். சம்பள நாளன்று கூட்டாளிக்கு ஒரு போத்தல் வாங்கித் தருவதும், அடுத்த சம்பளத்தில் அவன் திருப்பித் தருவதும், கடலையும் கருவாடும் நடுவில் வைத்துக்கொண்டு இன்றைய கள்ளில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, நேற்றையதைக் கலந்திருக்கிறானா என்று விவாதிப்பதும் அங்கே நடந்தன. சுவைத்து ஒப்பிடும் பழைய கலை, கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் திறமையாகச் சுருங்கி நின்றது. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சுருட்டோடு கள்ளும் படைக்கும் வழக்கம் தோட்டத்து எல்லைக் கோயில்களில் தொடர்ந்ததால், சாமிக்குப் படைத்ததைப் பகிர்ந்துண்ணும் உரிமையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

இந்தக் கூட்டத்தில் பெண்களின் இடம் வேறு. ரப்பர்த் தோட்டத்தில் பெண்ணும் முழுநாள் பால் வெட்டினாள். குழந்தையை ஆயாக் கொட்டகையில், அதாவது தோட்டம் நடத்திய குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டு இருட்டோடு கிளம்பினாள். குறைந்த கூலி பெற்றாள். கணவனின் கூலி கள்ளுக்கடையில் கரைந்த வீட்டில் அரிசி வாங்கியது அவளுடைய கூலியே. கூட்டாளிகளின் நட்பைப் பற்றி எழுதுபவர் எவரும் அந்த நட்பின் செலவை யார் ஏற்றார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கள்ளுக்கு எதிரான குரல் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் எழுந்தது. கேரளத்தில் நாராயண குரு, கள் இறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்ட தம் மக்களையே அத்தொழிலைக் கைவிடுமாறு கேட்டார். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடத்திய ஈ.வெ. ராமசாமி, 1921-இல் தமக்குச் சொந்தமான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார்; அவரே 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தபோது, அவருடைய சுயமரியாதை இயக்கத்தின் கருத்துகள் தோட்டங்களில் பரவத் தொடங்கின. 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, சமூகச் சீர்திருத்தத்தைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. 1937 அக்டோபரில் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குளுவாங் தோட்டங்களில் சேலத்து மக்களும் இருந்தனர். ஊரில் மூடப்பட்ட கடை இங்கே துரையின் ஆதரவில் திறந்திருந்தது என்பது அவர்கள் கண்ணெதிரே நின்ற முரண்.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதனின் தலைமையில் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியல் இவ்வரலாற்றில் மிக முக்கியமான ஆவணம். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, துரைமாரின் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றின் வரிசையில், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இடம்பெற்றது. இக்கோரிக்கையை வெறும் ஒழுக்கப் பிரசாரமாகப் படிப்பது தவறு. மிதிவண்டியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இடம்பெறக் காரணம், இரண்டும் துரையின் ஆட்சிக்கு அடையாளமாக இருந்தமையே. அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போருக்குப் பின் 1947-இல் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியலில் இறங்கியபோதும் காவல்துறையே பதில் சொன்னது. கள் குடிப்பவனைக் குறைகூறிய அதே நிர்வாகம், குடிக்காதே என்று சொன்னவனைச் சிறையில் அடைத்தது.

ஜப்பானியர் 1942 ஜனவரியில் குளுவாங்கைப் பிடித்ததும், 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் நடு ஜொகூர் கம்யூனிஸ்டுக் கெரில்லாப் போரின் களமாக மாறியதும், தோட்ட மக்களை முள்வேலிக்குள் குடியமர்த்தியதும் தனியே எழுதப்பட வேண்டியவை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பின் பேச்சுவார்த்தைகளின் மையம் கூலிக்கும் வீட்டுக்கும் நகர்ந்தது. கள் பின்னுக்குப் போயிற்று. அதற்குள் வேறொரு மரம் வட்டாரத்தின் முகத்தை மாற்றியிருந்தது. கத்ரி என்னும் பிரித்தானியத் தோட்ட நிறுவனம் 1920-களிலேயே இப்பகுதியில் செம்பனை பயிரிட்டிருந்தது. அந்தத் தோட்டங்களுள் ஒன்றுக்கு, செம்பனையின் தாவரவியல் பெயரையொட்டி, எலாயிஸ் என்றே பெயர். சுதந்திரத்திற்குப் பிந்திய ஆண்டுகளில் ரப்பர் பின்வாங்கச் செம்பனை எங்கும் பரவியது. செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா முதலிய நாடுகளில், அம்மரத்திலிருந்தும் கள் இறக்குகின்றனர். அங்கே அது திருமணத்திலும் ஊர்க்கூட்டத்திலும் மதிப்போடு பரிமாறப்படும் பானம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கள் தரும் மரங்களுக்கிடையே வாழ்ந்த குளுவாங் தமிழருக்கு அவை எண்ணெய் ஆலைக்குக் குலை தரும் மரங்களாக மட்டுமே இருந்தன.

செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆள் போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும் கைமாறியதாலும் தமிழ்க் குடும்பங்கள் குளுவாங் நகருக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தன. மெங்கிபோல், லம்பாக், நியோர் என்ற பெயர்களை இன்று தமிழ்ப்பள்ளிகள் சுமக்கின்றன. லயங்கள் இல்லை, கள்ளுக்கடைகளும் இல்லை. குளுவாங் பானம் என்று மலேசியர் கேட்டறிந்தது 1938 முதல் இரயில் நிலையத்தில் விற்கப்படும் காப்பியைத்தான். இரயில் பயணிக்காகத் திறந்த கடைக்குப் பெயரும் புகழும் கிட்டின. தொழிலாளிக்காகத் திறந்த கடைக்கு ஒரு பலகைகூட நிலைக்கவில்லை.

கள் போன இடத்தைச் சம்சு நிரப்பியது. சிறு குப்பிகளில், உரிமத்தோடும் உரிமமின்றியும் விற்கப்பட்ட அது தோட்டத்தையும் தோட்டத்திலிருந்து வெளியேறியோரின் நகர்ப்புறக் குடியிருப்புகளையும் பற்றிக்கொண்டதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நீண்ட காலம் இயக்கம் நடத்தியது. கள்ளை ஒழித்தால் சம்சு வரும் என்று துரைமார் சொன்னது பலித்ததாகத் தோன்றலாம். அது சரியான முடிவு அன்று. மறியல் செய்தவர்கள் கடையை மூடியிருந்தால் அதனோடு கூலியும் வீடும் கல்வியும் வந்திருக்க வேண்டும். உண்மையில் கடையை மூடியது தோட்டத்தின் அழிவே, அது இவற்றில் எதையும் கொண்டுவரவில்லை. தமிழ்நாட்டிலும் இதன் சாயல் உண்டு: 1987 முதல் அங்கே கள் இறக்கவும் விற்கவும் தடை, ஆலையில் வடித்த மதுவையோ 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே கடைவைத்து விற்கிறது. மரமேறியிடமிருந்து பறித்த வாணிபம் அங்கும் மக்களை மதுவிலிருந்து விடுவிக்கவில்லை.

மலேசியாவிலும் அதே கதைதான்: 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர், ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழர் வந்ததைப் போலவே, கூலி வேலைக்காக அயல்நாடுகளிலிருந்து மலேசியாவுக்கு வந்த தொழிலாளர்கள்.